நாற்பத்தோராம் மனையின் தரை

2017 ஆகஸ்ட் முதல் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து நாற்பதுக்குச் செண்பகவல்லி பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தபோது வாசலில் மூன்று படிகள் இருந்தன. முந்தின நாளும் அந்த வாசலில் மூன்று படிகள்தான். ஆனால் அவை தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்கிய படிகள். இவை வீட்டிலிருந்து தெருவுக்கு இறங்கின. சாம்பல் நிற மொசைக், ஓரத்தில் சிவப்புக் கோடு, அவசரப்படாத கொத்தனார் செய்த வேலை. அவள் பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு மூன்று படிகளையும் ஈரத் துணியால் துடைத்தாள், துணியில் சிமெண்ட் தூசி ஏதும் ஒட்டாததைப் பார்த்தாள், உள்ளே போய்க் காபி போட்டாள்.

சிவபாக்கியம் நகர் விரிவில் இதற்கு யாரும் ஆச்சரியப்படவில்லை. தாம்பரத்துக்குத் தெற்கே, மனை போட்டு விற்றவர் தன் தாயார் பெயரை வைத்த நூற்றுப் பன்னிரண்டு மனைகள் கொண்ட அந்த நகரில், இருபத்தோரு வருடத்தில் ஏழு முறை சாலை போட்டிருந்தார்கள், ஏழு முறையும் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதிய சாலையைப் போட்டிருந்தார்கள், சாலை ஒவ்வொரு முறையும் அரை அடி ஏற ஏற வீடுகள் ஒவ்வொரு முறையும் அரை அடி இறங்கின, மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் கேட்டைத் தட்டாமல் கூடத்துக்கு வந்து சோபாவின் அடியில் உட்கார்ந்தது. முடிந்தவர்கள் ஜாக்கிக்காரர்களை வரவழைத்து, அஸ்திவாரத்துக்கு மேலே சுவரை அறுத்து, வரிசையாக ஜாக்கி வைத்து, விசில் சத்தத்துக்கு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருகி, வீட்டை நாலடி தூக்கிக்கொண்டார்கள். வீடு தூக்குவது அங்கே காதுகுத்து மாதிரி ஒரு குடும்ப விசேஷம். முடியாதவர்கள் வாசலில் படி கட்டி இறங்கிப் போனார்கள். நாற்பத்தோராம் மனையின் செண்பகவல்லி இறங்கிப் போனவர்களில் ஒருத்தி.

அதனால் பக்கத்து மனைக்காரர் ஆதிமூலம், மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக ஓய்வு பெற்றவர், நலச் சங்கத் தலைவர், காலை நடைக்குப் புறப்பட்டவர் கேட்டில் நின்று அதைத்தான் கேட்டார்.

"எத்தனை ஜாக்கி வச்சாங்க, செண்பகம்மா?"

"ஒரு ஜாக்கியும் வைக்கல சார். தானா வந்திருக்கு."

"சொல்ல வேண்டாம்னா விடுங்க. என் வீட்டுக்கு நூத்தி எழுபது ஜாக்கி. நாப்பது நாள் மச்சினன் வீட்டுல கெடந்தோம். நீங்க ராவோட ராவா முடிச்சிட்டீங்க. அந்த ஆளோட நம்பர மட்டும் குடுங்க, போதும்."

நம்பர் இல்லை என்று அவள் சொன்னதை அவர் நம்பவில்லை. சங்கச் செயலாளர் ஜெசிந்தா டீச்சரும் நம்பவில்லை. நல்ல ஆள் கிடைத்தால் மறைத்துவைப்பது அந்த நகரின் பழக்கம் என்பதால், டீச்சர் பதினோரு நாள் அவளோடு பேசவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை நாலாவது படி வந்தது. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை ஐந்தாவது படி வந்தது. நகம் வளர்வதுபோல வீடு அடியிலிருந்து வளர்ந்தது. பழைய வீடு, அதன் சமையலறை, அதன் பூஜை அலமாரி, அதன் ஓட்டை விழுந்த கொசுவலை எல்லாம் அப்படியே மேலே போக, கீழே புதுச் சுவர் முளைத்தது. தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் கூடவே நீண்டன. வேப்பமரம் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. முன்பு ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்த கிளையை அவள் இப்போது குனிந்து பார்த்தாள்.

இதில் செண்பகவல்லிக்குப் பிரச்சினை ஒன்றுதான், அதன் பெயர் தெய்வநாயகம். முப்பத்தொரு வருடம் அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்த அவள் கணவர், இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதத்தில் வலது பக்கத்தையும், இரண்டு வார்த்தை தவிர எல்லாப் பேச்சையும் இழந்திருந்தார். மனசுக்கு ஒத்துப்போனால் "ரைட்" என்பார். ஒத்துப்போகாவிட்டால், பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற "ஹோல்டான்" என்பார். இட்லி "ரைட்", கசாயம் "ஹோல்டான்". தினமும் சாயங்காலம் நாலரைக்கு அவரைச் சக்கர நாற்காலியோடு கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து வைப்பாள். நாலு முப்பத்தைந்துக்கு நகர் முனையில் மினி பஸ் வந்து திரும்பும். நடத்துனர் படிக்கட்டில் தொங்கியபடி விசில் கொடுப்பார். விசிலுக்கு ஒரு நொடி முந்தி இவர் "ரைட்" என்பார், பஸ் போகும். அவருடைய நாளில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான், அதை அவள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

முதல் செவ்வாய்க்கிழமை புதுப் படிகளைக் காட்டியபோதே அவர் "ஹோல்டான்" என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலை ஐந்து நாற்பதுக்கு, படி வந்த சத்தம் வேறு யாருக்கும் கேட்காதபோதும், படுக்கையிலிருந்து "ஹோல்டான்" என்றார்.

மூன்று படிகள் வரை ஆதிமூலம் ஒருவரே நாற்காலியின் முன்பக்கத்தைப் பிடித்தார். ஒன்பது படிகள் ஆனபோது இரண்டு பேர் வேண்டியிருந்தது. பதினைந்து படிகள் ஆனபோது நாலு பேர் வேண்டியிருந்ததால் சங்கம் அதை முறைப்படுத்தியது. கிழமை வாரியாக, தெரு வாரியாக, தூக்குகிறவர் பெயர், மாற்று ஆள் பெயர் எல்லாம் தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்டு, படியோரச் சுவரில் ஒட்டினார்கள். பட்டியல் ஒட்டிய நாளிலிருந்து யாரும் வரவில்லை. அதற்கு முன் வந்தவர்களும் தங்கள் கிழமைக்காகக் காத்திருந்தார்கள்.

பதினாறாவது படியோடு, புதிதாக வளர்ந்த சுவரில் ஒரு கதவு வந்தது. உள்ளே ஒரு கூடம், இரண்டு அறைகள், வெள்ளையடித்த சுவர், போட்டால் எரிகிற விளக்கு. செண்பகவல்லிக்கு அன்றைக்குத்தான் மூச்சு வந்தது. சட்டி பானையோடு கீழே இறங்கிவிடலாம், இதுவும் மேலே போனால் அடுத்து முளைப்பதற்கு இறங்கிக்கொள்ளலாம், நாலு மாதத்துக்கு ஒரு தடவை வீடு மாற்றுவதை உலகத்தில் எத்தனையோ பேர் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு இறங்கினாள். கதவில் பூட்டு தொங்கியது. பூட்டுக்கு மேலே பலகை: சிவபாக்கியம் நகர் விரிவு குடியிருப்போர் நலச் சங்கம், அலுவலகம்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஆதிமூலம் அவளுடைய பத்திரத்தின் நகலைக் கையில் வைத்திருந்தார். சங்கத்தில் எல்லார் பத்திரத்துக்கும் நகல் உண்டு.

"இதுல என்ன போட்டிருக்கு? தரைத்தளம், எழுநூத்தி எண்பது சதுர அடி. அந்தத் தரைத்தளம் இப்ப எங்க இருக்கு? மேல இருக்கு. அதுல ஒரு செங்கல்லக்கூட யாரும் தொடலம்மா. அதுதான் உங்க தரைத்தளம், என்னைக்கும் அதுதான். இது பத்திரத்துலயே இல்லாத எடம்."

"எங்க மனைக்குள்ள எங்க வீட்டுக்கு அடியில வளர்ந்திருக்கு சார்."

"வளர்ந்தது உங்க தனிப்பட்ட வளர்ச்சியா? நகரோட வளர்ச்சி. பத்திரத்துல இல்லாத எடம் பொது எடம். இருபது வருஷமா ஒரு கூட்டம் போட நமக்கு ஒரு கூரை இருந்துச்சா?"

இல்லைதான். மனை போட்டவர் வரைபடத்தில் பூங்காவுக்கு விட்ட இடத்தையும் மூன்று மனைகளாக விற்றுவிட்டுப் போய்ச் சேர்ந்திருந்தார். அந்த அநியாயத்தைப் பற்றி எல்லாக் கூட்டத்திலும் கண்கலங்கப் பேசுகிற ஜெசிந்தா டீச்சரின் வீடு அந்த மூன்றில் நடுவில் இருந்தது.

"கோபப்படாத செண்பகா," என்றார் டீச்சர். "எல்லாருக்கும் ஒரு நல்லது நடக்குறப்ப ஒருத்தருக்குக் கொஞ்சம் சிரமம் இருக்கத்தான் செய்யும்."

"அந்த ஒருத்தர் நீங்களா இருந்து பாருங்க டீச்சர்."

"அதுக்கு என் வீடு வளரணுமே! வளர மாட்டேங்குதே!" என்று டீச்சர் நிஜமான வருத்தத்தோடு சொன்னார்.

தீர்மானம் எண் ஏழு நிறைவேறியது. நாற்பத்தோராம் மனையின் உச்சியில் இருப்பதே அந்த மனையின் தரைத்தளம், அதற்குக் கீழே வளர்ந்ததும் இனி வளரப்போவதும் பொது. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். தரகர் குணாளன், ஒன்பதாம் மனைக்காரர், இரண்டு இடத்தில் போட்டார்.

முப்பத்து மூன்றாவது படிக்கு அடுத்த தளம் முழுதாக வந்தது. முதலில் வந்தது மேலே போனதால் பழைய அலுவலகம் யோகா வகுப்பாக மாற, புதியது அலுவலகமானது. ஐம்பத்தோராவது படிக்கு மூன்றாவது வந்தது. அதற்கு மூத்த குடிமக்கள் ஓய்வறை என்று பலகை வைத்து, கேரம் போர்டும் நாலு பிரம்பு நாற்காலியும் போட்டு, படி ஏற முடியாதவர்களை மனதில் வைத்துத் தரையோடு அமைத்ததாக அறிவித்தார்கள். அந்தக் கட்டடத்தில் இருந்த ஒரே மூத்த நோயாளி அதற்கு நேர் மேலே, முப்பது அடி உயரத்தில், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கை காலை நீட்டி மடக்கப் பயிற்சி கொடுக்க வந்துகொண்டிருந்த ஷகிலா, "உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனா எனக்கே பிசியோ வேணும்மா," என்று நாற்பதாவது படியில் சொல்லிவிட்டு நின்றுபோயிருந்தாள்.

செண்பகவல்லி லிஃப்ட் கேட்டாள். லிஃப்ட் பற்றி ஐந்து கூட்டம் நடந்தது. அந்த ஐந்து கூட்டங்களில்தான் சிவபாக்கியம் நகர் விரிவு வளர்ச்சியைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது தெரியவந்தது. எல்லாருக்கும் வளர்ச்சி வேண்டும், அது அடுத்த தெரு வரைக்கும் வந்து நிற்க வேண்டும். மெட்ரோ வேண்டும், அதன் தூண் வேறு நகரில் நிற்க வேண்டும். கழிவுநீர்க் குழாய் வேண்டும், அதற்குத் தெருவைத் தோண்டக் கூடாது. மனை விலை ஏற வேண்டும், வாங்க ஆள் வரக் கூடாது. 1996இல் வந்தவர்களுக்கு 1996ஓடு நகர் நிறைந்துவிட்டது, அதற்குப் பின் வந்தவர்களால்தான் தண்ணீர் இறங்கிப்போனது. 2009இல் வந்தவர்களுக்கு 2009 வரை எல்லாம் சரியாக இருந்தது. முனையில் புதிதாக வந்த அடுக்குமாடிக்கு மூன்று மாதம் முன் குடிவந்த ஒருவர் எழுந்து, "இந்த ஏரியா முன்ன மாதிரி இல்ல," என்றார், எல்லாரும் தலையாட்டினார்கள்.

லிஃப்ட் வந்தால் அடுக்குமாடி வரும் என்றார் ஒருவர். அடுக்குமாடிதான் ஏற்கனவே நிற்கிறதே என்றார் இன்னொருவர். அதனால்தான் சொல்கிறேன் என்றார் முதலாமவர். லிஃப்ட் சத்தம் யோகாவைக் கெடுக்கும் என்றார் டீச்சர். ஐந்தாவது கூட்டத்தில், நகரின் தன்மையைக் காக்கும் வகையில் லிஃப்ட் கோரிக்கையை அடுத்த ஆண்டுப் பேரவைக்கு ஒத்திவைத்து, நகருக்கு உயரம் தந்த தம்பதி என்று செண்பகவல்லிக்கும் தெய்வநாயகத்துக்கும் பொன்னாடை போர்த்தத் தீர்மானித்தார்கள். பொன்னாடையை மேலே கொண்டுபோக ஆள் கிடைக்காததால் அவளே வாங்கிக்கொண்டு ஏறினாள்.

குணாளன் மட்டும் ஒரு நாள் முழுப் படியும் ஏறி வந்தார். மூச்சு வாங்கி முடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது.

"அக்கா, குடுத்துட்டுக் கெளம்பிடுங்க. இந்த வ்யூவுக்கே ஆள் நிக்குது. கீழ தரையோட ஒரு வீடு நான் பாத்துத் தரேன், செங்கல்பட்டு தாண்டி."

"நாங்க இங்க மொத மொத வந்தப்ப தெரு விளக்கு கெடையாது குணா. கடைசி பஸ் முடிச்சுட்டு இவர் முனையிலேர்ந்து விசில் ஊதுவார், நான் டார்ச் எடுத்துட்டுப் போவேன். அப்ப இந்த நகர்ல இருந்த வளர்ச்சி அந்த டார்ச்தான். நாங்க ஏன் போகணும்?"

"ஹோல்டான்," என்றார் தெய்வநாயகம் குணாளனைப் பார்த்து.

"என்னக்கா சொல்றார்?"

"இறங்கச் சொல்றார்."

ஜூலை மாதத்தோடு அவர் தரையைத் தொட்டு ஒன்பது மாதம் ஆனது. நாலரைக்கு ஜன்னலோரம் உட்காரவைத்தால் மினி பஸ்ஸின் கூரை மட்டும், அதன் மேல் கிடந்த ஒரு பழைய டயர் மட்டும் தெரிந்தது. படிக்கட்டில் தொங்குகிறவர் தெரியவில்லை. விசில் அவ்வளவு உயரம் வரவில்லை. அவர் "ரைட்" சொல்வதை நிறுத்தினார். இட்லிக்கும் நிறுத்தினார். அவருக்கு மிச்சம் இருந்த இரண்டு வார்த்தையில் ஒன்று போய்விட்டதைச் செண்பகவல்லி கவனித்த அன்று, அவள் யாரிடமும் கத்தவில்லை. அலமாரியைத் திறந்து தன் பத்திரத்தையும், தீர்மானம் எண் ஏழின் நகலையும் எடுத்தாள். இரண்டையும் இரண்டு தடவை படித்தாள்.

திங்கட்கிழமை பேரூராட்சியில் குறை கேட்கும் நாள். தேர்தல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததால் கவுன்சிலர் என்று யாரும் இல்லாத காலம் அது, எல்லா மனுவும் பொறியாளர் மேஜைக்கே போனது.

"வீடு வளர்றதுக்கு எங்ககிட்ட ஃபாரம் இல்லம்மா," என்றார் அவர் நிமிராமல்.

"தெரியும் சார். ரோடு மட்டம் சரியில்லன்னு குடுக்க ஃபாரம் இருக்குல்ல?"

"அதுதான் கட்டுக் கட்டா இருக்கே. ரோடு ஏறிப்போச்சு, வீடு இறங்கிப்போச்சு, அதானே?"

"இல்ல சார். ரோடு இறங்கிப்போச்சு. எங்க வீடு தரைத்தளம். பத்திரத்துல இருக்கு, பாருங்க. அந்த வீடுதான் தரைத்தளம்னு சங்கமே தீர்மானம் போட்டு நூறு பேருக்கு மேல கையெழுத்துப் போட்டிருக்காங்க, பாருங்க. தரைத்தளத்துக்கு முப்பத்துமூணு அடி கீழ ரோடு கெடக்கு. நாங்க எப்படி சார் போக வர?"

பொறியாளர் இப்போது நிமிர்ந்தார். இரண்டு காகிதத்தையும் வாங்கி மெதுவாகப் படித்தார். அவர் முகம் வெளிச்சமானது.

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல, ரோட்ட ஏத்திட்டான்னு என்னைத் திட்டாத ஆளப் பாத்ததில்லம்மா. ரோடு பத்தலன்னு கேட்ட மொத ஆள் நீங்கதான்." பேனாவின் மூடியைத் திறந்தார். "வீட்ட இறக்குங்கன்னா எங்களால முடியாது. ரோட்ட ஏத்துறது... அது ஒண்ணுதானேம்மா எங்களுக்குத் தெரியும்."

2018 ஆகஸ்ட் 28, செவ்வாய்க்கிழமை, காலையில் முதல் லாரி ஜல்லி கொட்டியது. அன்றைக்கு ஐம்பத்தொன்பதாவது படி வரவில்லை. அதைக் கவனித்தது செண்பகவல்லி ஒருத்திதான். தெய்வநாயகம் "ஹோல்டான்" சொல்லத் தொடங்கி வீடு நிற்பதற்கு ஐம்பத்தாறு வாரம் ஆகியிருந்தது. அலுவலகங்களோடு ஒப்பிட்டால் வீடு சீக்கிரம் கேட்டுக்கொண்டது என்று அவள் நினைத்தாள்.

கீழே லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சிவபாக்கியம் நகர் விரிவில் சாலை வேலை தொடங்கினால் லட்டு கொடுப்பது வழக்கம், எவ்வளவு உயரம் என்று கேட்பது வழக்கமில்லை. எட்டாவது சாலை, ஏழாவதைச் சுரண்டாமல், நகர் முனையில் தரையோடு தொடங்கி, கட்டட இடிபாடும் கிராவலும் பக்கவாட்டுத் தடுப்புச் சுவருமாக, நாற்பத்தோராம் மனையை நோக்கி ஒரு நீண்ட சரிவாக ஏறிவந்தது. அது மூன்றடி உயர்ந்தபோது, வழக்கம்தானே என்றார்கள். எட்டடி உயர்ந்தபோது, கொஞ்சம் அதிகம்தான், ஆனால் சாலை வேண்டும் என்று கேட்டது நாம்தானே என்றார்கள். பதினைந்து அடி உயர்ந்தபோது ஜாக்கிக்காரர்களைக் கூப்பிட்டார்கள். ஜாக்கிக்காரர்கள் வந்து, அண்ணாந்து பார்த்து, டீ குடித்துவிட்டுப் போனார்கள். வீடுகளுக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே நாலடிச் சந்து மிஞ்சியது. கார்கள் உள்ளேயே நின்றன. மூத்த குடிமக்கள் ஓய்வறையின் கதவைத் திறந்தால் சுவர். கேரம் காய்களில் ஈரம் ஏறியது. பேரூராட்சி, யாரும் குறை சொல்லக் கூடாதென்று, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சாலைக்கு ஏற அதனதன் உயரத்துக்கு ஒரு படிக்கட்டு கட்டிக் கொடுத்தது.

எதிர்த்து மனு கொடுத்தார்கள். பொறியாளர் தீர்மானம் எண் ஏழை எடுத்து, அதிலிருந்த அவர்கள் கையெழுத்துகளையே அவர்களுக்குக் காட்டினார்.

தார் காய்ந்த மறுநாள் ஆதிமூலம் வந்தார். செண்பகவல்லி வீட்டுக்கு இப்போது படியே இல்லை. சாலையிலிருந்து நேராகக் கூடத்துக்குள் வரலாம். அவர்தான் தன் வீட்டிலிருந்து சாலைக்கு ஏறி வந்திருந்தார், வாசலில் கிடந்த நாற்காலியில் கேட்காமலே உட்கார்ந்தார்.

"எண்ணிக்கிட்டே வந்தேன். அம்பத்தெட்டு."

"தெரியும் சார்."

"இப்படிப் பண்ணிட்டீங்களேம்மா. எங்கள எல்லாம் பள்ளத்துல தள்ளிட்டீங்களே."

"எல்லாருக்கும் ஒரு நல்லது நடக்குறப்ப ஒருத்தருக்குச் சிரமம் இருக்கும்னு டீச்சர் சொன்னாங்க. எத்தனை பேருக்கு இருக்கும்னு அவங்களும் சொல்லல, நானும் கேட்டுக்கல." தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து, இன்னொரு டம்ளரும் கொண்டுவந்தாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "பேரூராட்சிக்கு ஒரு மனு. தெருவுக்கு ரெண்டு லிஃப்ட் வேணும்னு. நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டா நல்லாருக்கும்."

"தீர்மானம் போட்டாச்சா சார்?"

"எங்க... கூட்டத்த மேல ரோட்டுல வச்சோம். கோரத்துக்கு ஆள் சேரல. பாதிப் பேரு ஏறி வர முடியலன்னுட்டாங்க."

செண்பகவல்லி உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்துவந்து, காகிதத்தைக் கடைசி வரி வரை படித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அதற்கப்புறம் சங்கம் இரண்டு அணியாகப் பிரிந்தது. ஓர் அணி சாலையை இடிக்கக் கோரியது. இன்னோர் அணி, இவ்வளவு நல்ல சாலையில் பஸ் வராதது நகருக்கு அவமானம் என்று மனு கொடுத்தது. இரண்டு அணியிலும் குணாளன் பொருளாளர். முதல் மனு கிடப்பில் இருக்கிறது.

2019 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, மினி பஸ் தடம் மனை எண் 41 வரை நீட்டிக்கப்பட்டது. மாலை நாலு முப்பத்தைந்துக்கு வந்த முதல் வண்டியில் ஏறியவர்கள் இரண்டு பேர், சக்கர நாற்காலி ஒன்று. நடத்துனர் விசில் கொடுக்கும் முன்பே வண்டி புறப்பட்டது பற்றி விளக்கம் கேட்கப்பட்டதற்கு, உள்ளிருந்து "ரைட்" என்று குரல் வந்ததால் எடுத்ததாக ஓட்டுநர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.